பனியன் இழுப்பும் ஆள் தேர்வும்: ஒரு டெல்டா கபடிப் போட்டியின் நிகழ்வு ஆய்வு

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் ஓர் ஊர். சம்பா அறுவடை முடிந்து வைக்கோலும் கட்டி ஏற்றிப்போன வயலில் இரண்டு ராத்திரி கபடித் தொடர் போட்டி, 65 கிலோ எடைப்பிரிவு. வெளிமாவட்ட அணி ஒன்றுக்காக ஆள் பார்க்க வந்திருந்த தேர்வாளர் இரண்டு ரைடர்களை (பாடிக்கொண்டே எதிரணிப் பக்கம் போய்த் தொட்டு வருகிறவர்களை) குறித்துக்கொண்டார். ஒருவனை எடுத்தார், இன்னொருவனை விட்டார். எடுத்தவனை வைத்து ‘மேட்’ என்கிற செயற்கை விரிப்பில் பயிற்சி தொடங்கிச் சில மாதத்துக்குள், “இவனை எப்படிய்யா ரைடர்னு கூட்டிட்டு வந்தீங்க?” என்று பயிற்சியாளர் கேட்டுவிட்டார்.

அந்தத் தேர்வாளர் பள்ளியில் என்னிடம் கபடி பழகியவர். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன் என்ற முறையில் என்னிடம் வந்தார். போட்டியை உள்ளூர் யூடியூப் சேனல் ஒன்று நேரலையில் விட்டிருந்ததால் ஆட்டம் முழுக்கப் பதிவாக இருந்தது. இருவரும் உட்கார்ந்து ரைடு ரைடாக ஓட்டிப் பார்த்தோம். பிறகு அன்றைக்கு விசில் பிடித்த மூத்த நடுவரையும் பார்த்துப் பேசினேன். ஊர், அணி, ஆட்கள் பெயரை எழுதப் போவதில்லை. ஆடியவர்கள் சின்னப் பையன்கள். நடுவர்களும் கெட்டவர்கள் கிடையாது.

தேர்வாளருடைய கண்ணில் பெரிய கோளாறு இல்லை என்பது என் முடிவு. அவர் பார்த்த ஆட்டத்தைத்தான் விசில் வேறு ஆட்டமாக மாற்றி வைத்திருந்தது.

களமும் இரண்டு பையன்களும்

நம் பகுதி மண் களிமண். காய்ந்தால் வெடிப்பு விடும், நனைந்தால் காலைப் பிடிக்கும். அதனால் வெளியிலிருந்து செம்மண் அடித்து, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். அளவு சரியாகவே இருந்தது: 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ரைடர் தாண்ட வேண்டிய பாக் லைன், அதற்கு ஒரு மீட்டர் பின்னால் கூடுதல் புள்ளிக்கான போனஸ் கோடு, இருபுறமும் ஒரு மீட்டர் ஓரப்பட்டையான லாபி. நாலு மூலையிலும் போக்கஸ் லைட். களத்தை ஒட்டியே இரண்டு பெரிய ஒலிபெருக்கி, வர்ணனையாளர் வாய் மூடாமல். ரைடு போகும்போதும் மைக் ஓயவில்லை. இந்த ஒலிபெருக்கியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பையன்களைப் பெரியவன், சின்னவன் என்றே சொல்கிறேன். பெரியவன் 65-ஐ ஒட்டி நிற்பவன், தோளும் தொடையும் நல்ல கட்டு. ஆழமாகப் போவான், பிடி விழும், பிடித்தவர்களோடு சேர்ந்தே நடுக்கோட்டுக்கு வருவான். கூட்டத்துக்கு அவனைத்தான் பிடித்தது. மூன்று பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொடும்போது விசில் சத்தமும் பட்டாசும் காதைக் கிழித்தன. சின்னவன் 60-க்கும் கீழே. இடது கார்னரை (ஓரத்தில் நின்று தடுப்பவனை) குறிவைத்துப் போய், கையை நீட்டி ஓட்டத்திலேயே தொட்டுத் திரும்புகிறவன். கால் விரல் தொடுகையும் உண்டு. ஆறு ஏழு பேர் களத்தில் நிற்கும்போது போனஸைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுவான். அழகான ஆட்டம். ஆனால் அன்று ராத்திரி முக்கியமான நேரங்களில் பிடிபட்டுக்கொண்டே இருந்தான்.

தேர்வாளர் குறிப்பேட்டில் பெரியவனுக்கு எதிரே எழுதியது: “நல்ல பலம். மூன்று பேர் பிடித்தாலும் வருகிறான்.” சின்னவனுக்கு எதிரே: “தொடுவான். பிடிபட்டால் மீள மாட்டான்.”

பதிவு காட்டியது

அரையிறுதியில் சின்னவன் போன ஒரு ரைடை எடுத்துக்கொள்ளலாம். இடது கார்னரின் கையைத் தொட்டாயிற்று. திரும்பிவிட்டான். அவனுக்கும் கோட்டுக்கும் இடையில் யாருமே இல்லை. கார்னர் பின்னாலிருந்து ஜெர்சியின் அடிப்பகுதியைப் பிடித்தான். துணி முழங்கால் வரை இழுபட்டது. அந்த ஒரு நொடித் தடங்கலில் அவனுக்கு உள்பக்கம் நிற்கும் கவர் ஆட்டக்காரன் வந்து இடுப்பைக் கட்டிவிட்டான். விசில், ரைடர் அவுட், எதிரணிக்குப் புள்ளி.

விதி இதில் தெளிவு. ரைடரின் கை, கால், உடம்பைப் பிடிக்கலாம். துணியையோ தலைமுடியையோ வேண்டுமென்று பிடித்து நிறுத்தினால் அவன் அவுட் கிடையாது. அந்த ரைடில் சின்னவனுக்குத் தொடு புள்ளி வந்திருக்க வேண்டும். அதே மாதிரி இழுப்பு அவனுடைய வேறு சில ரைடுகளிலும், வேறு அணிகளின் ரைடர்களுக்கும் நடந்திருந்தது. ஒன்றுக்கும் விசில் இல்லை.

இதில் சிரிக்கவைக்கும் ஒரு விஷயம் உண்டு. அந்த ஜெர்சி உபயதாரர் கொடுத்தது. முதுகில் உரக்கடை விளம்பரம், எல்லாருக்கும் ஒரே பெரிய அளவு. பெரியவனுக்கு அது உடம்போடு ஒட்டி நின்றது. சின்னவனுக்குக் காற்றில் ஆடியது. பிடிக்கிறவன் கைக்குத் தாராளமாகத் துணி கிடைத்தது. குறிப்பேட்டில் ‘மீள மாட்டான்’ என்று விழுந்ததில் ஒரு பங்கு அந்த ஜெர்சியினுடையது.

பெரியவன் பக்கம் வருவோம். பிடி விழுந்த பிறகு அவன் வாயைப் பாருங்கள் என்று தேர்வாளரிடம் சொன்னேன். படத்தைச் சின்ன வேகத்தில் ஓட்டினால் தெரிகிறது: உதடு மூடி, பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி முக்குகிறான். பாட்டு நின்றுபோயிருக்கிறது. ‘கபடி கபடி’ என்று தெளிவாக, விடாமல் பாடிக்கொண்டிருக்கும் வரைதான் அவன் ரைடர். பாட்டு விட்டால் அந்த இடத்திலேயே அவுட். நம் அப்பாக்கள் காலத்துச் சடுகுடுவில் இதுதான் ஆட்டத்தின் உயிரே. யார் மூச்சு நீளம் என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கு ஒலிபெருக்கி அலறலில் நடுவருக்கு அவன் பாடினானா இல்லையா என்று கேட்டிருக்க வழியே இல்லை. கேட்காததால் விட்டார். விட்டதால் அவன் பாட்டில்லாமலேயே மூன்று பேரைக் கோட்டுக்கு இழுத்து வந்தான். ஒவ்வொன்றுக்கும் மூன்று மூன்று புள்ளி.

ஆக அன்று இரண்டு விதி செத்துக்கிடந்தது. துணி இழுப்பு விதி செத்ததால் வேகக்காரனுக்கு நஷ்டம். பாட்டு விதி செத்ததால் பலக்காரனுக்கு லாபம். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டெல்டாவில் எந்தப் போட்டி முடிந்தாலும் கமிட்டி கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: “ஒருபக்கமா அடிச்சாரா?” அதாவது எந்த ஊருக்குச் சாதகம் என்று. அந்தக் கேள்விக்கு இந்த நடுவர்கள் சுத்தமாகத் தேறிவிடுவார்கள். இரண்டு அணியின் துணியையும் இழுக்க விட்டார்கள், இரண்டு அணியின் பாட்டையும் கேட்காமல் விட்டார்கள். ஊர்ப் பாரபட்சம் கிடையாது. உடம்புப் பாரபட்சம் உண்டு. அது கோப்பையை யார் வாங்குகிறார்கள் என்பதைவிட, யாரை வெளியூர்க்காரன் கூட்டிக்கொண்டு போகிறான் என்பதில்தான் கடுமையாகக் கை வைக்கிறது.

ஒரு நடுவர் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தவறு செய்தால் நாலு ஆட்டம் பார்த்தால் ஈடாகிவிடும். தேர்வாளர் பொறுமையாக இருந்தாலே போதும். ஒரே திசையில் சாயும் தவறு அப்படி ஈடாகாது. அதிக ஆட்டம் பார்க்கப் பார்க்கத் தப்பான முடிவு இன்னும் உறுதிப்படும். இந்தத் தேர்வாளர் இரண்டு ராத்திரியும் விடியும் வரை உட்கார்ந்தவர். சோம்பல்பட்டவர் இல்லை.

பனியில் நடந்த அதே கதை

இதை நம் ஊர்க் கதையாக மட்டும் எடுத்துக்கொண்டால் கமிட்டியைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். எண்களோடு கையில் கிடைக்கும் ஓர் உதாரணம் வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். ஆள் பார்ப்பதை அவர்கள் அளவுக்குத் தொழிலாகச் செய்கிறவர்கள் விளையாட்டு உலகில் குறைவு. லீக்கே நடத்தும் மையத் தேர்வு அலுவலகம் 1975-லிருந்து இருக்கிறது. இப்போது 32 அணிகள், ஆண்டுக்கு ஏழு சுற்று, மொத்தம் 224 இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அங்கே 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் நம் பனியன் இழுப்பு மாதிரியே ஒரு நோய் இருந்தது. எதிராளியின் இடுப்பிலோ கையிலோ ஸ்டிக்கைக் கொக்கியாக மாட்டி இழுப்பது, கையால் கட்டிப்பிடிப்பது, பக் (ஆடும் ரப்பர் வட்டு) தன்னிடம் இல்லாதவனையும் வழிமறிப்பது. மூன்றும் விதிப்படி குற்றம். ஆனால் நடுவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். 1998-99-இல் பரிசோதித்து 2000-01-லிருந்து எல்லா ஆட்டத்துக்கும் இரண்டு நடுவர் என்று ஆக்கிப் பார்த்தும் இந்தப் பழக்கம் ஒழியவில்லை. வேகமாகச் சறுக்குகிறவனைப் பின்னாலிருந்து மாட்டி நிறுத்திவிட்டால் போதும் என்றானதும், ஆள் பார்க்கிறவர்கள் எதைத் தேடுவார்கள்? மாட்டி நிறுத்தும் பெரிய உடம்பையும், மாட்டினாலும் இழுத்துக்கொண்டு போகும் பெரிய உடம்பையும்தான்.

சம்பளப் பிரச்சினையில் 2004-05 பருவம் முழுவதும் ரத்தானது. திரும்பி வந்தபோது லீக் இந்தக் குற்றங்களுக்கு விட்டுக்கொடுக்காமல் விசில் அடிக்கச் சொன்னது. நடுக்கோட்டைத் தாண்டிய நீண்ட பாஸுக்கு இருந்த தடையையும் எடுத்தது. பெனால்ட்டியால் எதிரணிக்குக் கிடைக்கும் பவர் பிளே (ஆள் கூடுதலாக வைத்து ஆடும்) வாய்ப்பு 2003-04-இல் ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு 4.2 என்ற கணக்கில் இருந்தது; 2005-06-இல் 5.8-ஐத் தாண்டியது. ஓர் ஆட்டத்தின் மொத்த கோல் சராசரி 5.1-லிருந்து 6-க்கு மேலே போனது. ஆடியவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். கொக்கி மாட்டுவதைத் தடுக்கும் விதிகளும் பழையவை. விசில் மாறியது.

விசில் மாறியதும் ஆள் பார்க்கும் கணக்கும் மாறியது. 2007-இல் முதல் இடத்தில் எடுக்கப்பட்ட பாட்ரிக் கேன் 5 அடி 10 அங்குலம், ஹாக்கி அளவுக்கு ஒல்லிப் பையன். ஐந்தாறு வருடம் முன்பு என்றால் அவனை முதல் ஆளாக எடுக்க அணிகள் இன்னும் நிறையவே யோசித்திருக்கும் என்பது என் கணிப்பு. இழுபறிக் காலத்திலேயே முட்டி மோதி மேலே வந்தவர்களும் உண்டு. 5 அடி 8 அங்குலம் இருந்த மார்ட்டின் செயின்ட் லூயியை எந்த அணியும் தேர்வில் எடுக்கவே இல்லை. அவர் 2003-04-இல் 94 புள்ளியோடு லீக்கிலேயே முதலிடம், சிறந்த வீரர் விருது, கோப்பை எல்லாம் வாங்கினார். திறமை இருந்தால் எப்படியும் வந்துவிடுவான் என்று சொல்கிறவர்கள் இவரைத்தான் காட்டுவார்கள். வந்தவன் பெயர் நமக்குத் தெரியும். வராமல் போனவன் எத்தனை பேர் என்று யார் எழுதி வைத்தார்கள்?

எல்லாத் தேர்வுக் கோளாறையும் நடுவர் தலையில் கட்டவும் முடியாது. டெட்ராய்ட் அணி 1998-இல் 171-ஆவது ஆளாக எடுத்த பாவெல் தட்சுக்கும், 1999-இல் 210-ஆவதாக எடுத்த ஹென்ரிக் செட்டர்பெர்கும் பெரிய நட்சத்திரங்களானார்கள். அந்த அணியின் ஐரோப்பியத் தேர்வாளர் ஹோகன் ஆண்டர்சன் வேறொரு பையனைப் பார்க்க ரஷ்யாவுக்குப் போன இடத்தில் தட்சுக்கைக் கவனித்தார். அவர்கள் அவ்வளவு கீழே கிடந்ததற்கு ஒரு காரணம் மற்ற அணிகள் அவர்களைச் சரியாகப் போய்ப் பார்க்காதது. பாராமல் விடுவது ஒன்று, பார்த்தும் தவறாக எடைபோடுவது வேறொன்று. முதலாவதுக்கு மருந்து பஸ் டிக்கெட். நம் தேர்வாளர் சிக்கியது இரண்டாவதில்.

தொழில்முறை நடுவர்கள் என்றால் கறாராக இருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். 2021 மார்ச்சில் நாஷ்வில்–டெட்ராய்ட் ஆட்டத்தில், நாஷ்வில்லுக்குச் சீக்கிரமே ஒரு பெனால்ட்டி கொடுக்க நினைத்ததாக நடுவர் டிம் பீல் பேசியது மைக்கில் விழுந்து ஒளிபரப்பாகிவிட்டது. ஓய்வுபெறச் சில வாரமே இருந்தவர்; மறுநாளே லீக் அவரை நிறுத்திவிட்டது. ஒரு பக்கம் அடித்தால் அடுத்ததை மறு பக்கம் அடித்துச் சமன் செய்யும் பழக்கம் அங்கேயும் உண்டு. அடுத்த பெனால்ட்டி எதிரணிக்கு விழும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்று ஆட்டக் கணக்குகளை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். நம் ஊர் நடுவரும் இதைத்தான் செய்கிறார், ‘சமாளிப்பு’ என்ற பெயரில். 2005-06-இல் ஏறிய அந்தப் பவர் பிளே எண்ணிக்கையும் பிறகு மெல்ல இறங்கி, அண்மைக் காலத்தில் ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு மூன்றை ஒட்டி நிற்கிறது. ஆட்டக்காரர்கள் திருந்தியது பாதி, விசில் தளர்ந்தது பாதி என்று நினைக்கிறேன்.

மூத்த நடுவர் சொன்னது

நடுவரைப் பார்த்தபோது அவர் எதையும் மறுக்கவில்லை. நடுவர் தேர்வு எழுதித் தேறியவர், பள்ளி ஆசிரியர், ஒரு காலத்தில் நல்ல கவர் ஆட்டக்காரர்.

“பனியனைப் புடிச்சதுக்கெல்லாம் விசில் அடிச்சா மேட்ச் ஓடாது சார். சாயந்திரம் ஆறு மணிக்கு நிக்க ஆரம்பிச்சா விடியக்காலம் நாலு மணி. நாங்க மொத்தம் மூணு பேரு.”

“பாட்டு கேட்டுச்சா?”

“அந்த சவுண்டுல எங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலே கேக்காது. மைக்கைக் குறைக்கச் சொன்னேன். உபயதாரர் பேரு சொல்லணும்னுட்டாங்க.”

“பாட்டு விட்டான்னு அடிச்சிருந்தா?”

சிரித்தார். “மூணு பேரை இழுத்துட்டு வந்து கோட்டைத் தொட்டுட்டான். ஊரே எந்திரிச்சு நிக்குது. அப்பப் போய் ‘தம்பி, நீ பாடலை’ன்னு சொன்னா நான் வண்டி எடுத்துட்டு ஊரு போய்ச் சேருவனா சார்?”

விதிப்புத்தகப்படி ஓர் ஆட்டத்துக்கு ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், இரண்டு உதவி ஸ்கோரர். அன்று இருந்த மூன்று பேரில் ஒருவர் எப்போதும் ஸ்கோர் மேசையில். மிச்சம் இரண்டு பேர் மாறி மாறிக் களத்தில். லாபி ஓரம் நின்று பிடிக்கிறவன் கை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டிய ஆளே இல்லை. கிடைப்பது பேட்டாவும் சாப்பாடும். என்.எச்.எல். நடுவருக்கு மாதச் சம்பளம் உண்டு, அவர் வேலையை ஆட்டத்துக்கு ஆட்டம் மதிப்பிட மேற்பார்வையாளர்கள் உண்டு, நன்றாகச் செய்தவருக்கே இறுதிச்சுற்று ஆட்டம் கிடைக்கும். இங்கே நடுவரை மதிப்பிடுகிறவர் தோற்ற அணியின் மாமா. அடுத்த வருடம் இவரைக் கூப்பிடலாமா என்பதும் அவர் கையில்தான். இந்த ஏற்பாட்டில் ஒருவர் கறாராக விசில் அடிக்கிறார் என்றால் அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அடிக்கவில்லை என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

உச்சியில் இருப்பவர்களுக்கும் குழப்பம் வராமல் இல்லை. 2023 அக்டோபரில் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டு ஆண்கள் கபடி இறுதியில் இந்தியாவும் ஈரானும் 28–28 என்று நிற்கும்போது, பவன் செராவத் லாபிக்குள் போன ஒரு ரைடுக்கு எந்த விதி பொருந்தும் என்றே தகராறாகி, ஆட்டம் ஒரு மணி நேரம் போல நின்றது. கடைசியில் இந்தியா 33–29 என்று வென்றது. அது எந்த விதி என்ற சிக்கல். நம் வயலில் விதி எல்லாருக்கும் மனப்பாடம். கையாளத்தான் ஆள் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டு ‘கபடியிலே நடுவர் சரியில்லை’ என்று பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

தேர்வாளர் என்ன செய்திருக்க முடியும்

நடுவரை அவர் மாற்ற முடியாது. எந்த விசிலுக்குக் கீழே ஆட்டம் நடக்கிறது என்று முதலில் எழுதிக்கொள்ள முடியும். முதல் இரண்டு ஆட்டத்தில் பையன்களைப் பார்க்காமல் நடுவரைப் பார்க்கச் சொன்னேன். துணி இழுப்புக்கு அடிக்கிறாரா? பாட்டு காதில் விழும் தூரத்தில் நிற்கிறாரா? பிடி விழுந்த பிறகு எவ்வளவு நேரம் இழுக்க விடுகிறார்? இதற்குப் பதில் தெரிந்தால் அன்றைய ஸ்கோர் சீட்டில் எந்தப் புள்ளியை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது, விசிலால் கெடாத விஷயங்கள். தொடுவதற்கு முந்தைய காலடி, அதில் நடுவருக்கு வேலையே இல்லை. சின்னவன் பாக் லைனைத் தாண்டிய பிறகு எடையை எந்தக் காலில் வைக்கிறான், கார்னர் ஒரு எட்டு முன்னே வந்ததும் எப்படிப் பின்வாங்குகிறான் என்பதைப் பதிவில் பார்த்தால், அது பழகி வந்த பையன் என்று ஒரு நிமிடத்தில் தெரியும். பெரியவனிடம் அது இல்லை. நேரே உள்ளே போகிறான், பிடிக்கட்டும் என்று காத்திருக்கிறான். இரண்டு ரைடு காலியாகப் போய் மூன்றாவதாகப் புள்ளி எடுத்தே ஆக வேண்டிய வாழ்வா சாவா ரைடு வரும்போது கேப்டன் யாரை அனுப்புகிறான் என்பதும் நல்ல தடயம். கூட ஆடுகிறவனுக்கு நம்மைவிடத் தெரியும். அன்று அந்த ரைடுகளுக்குப் பெரும்பாலும் சின்னவன்தான் போனான். பிறகு, தப்பான விசிலுக்கு அப்புறம் அடுத்த ரைடு. ஜெர்சி முழங்கால் வரை இழுபட்டு அவுட் கொடுத்தபோது சின்னவன் நடுவரை ஒரு பார்வை பார்த்தான், வெளியே போய் உட்கார்ந்தான். திரும்பக் களத்துக்கு வந்ததும் போனஸ் எடுத்தான். இதையெல்லாம் எந்தக் கமிட்டியும் எழுதி வைக்காது, தேர்வாளர்தான் எழுத வேண்டும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். இழுப்பும் குத்தும் தாங்கி வளர்ந்தவன்தான் எங்கேயும் நிற்பான், மெத்தையில் வளர்ந்தவன் நிற்க மாட்டான் என்பார்கள் நம் பழைய ஆட்டக்காரர்கள். கொஞ்சம் உண்மை. என்.எச்.எல். கோப்பைச் சுற்றுகளில் ஆட்டம் நெருக்கடியாக ஆக ஆக நடுவர்கள் விட்டுப்பிடிப்பதால், அங்கும் அணிகள் கனமான ஆட்களை இன்னும் தேடத்தான் செய்கின்றன. சின்னவனும் குறையில்லாதவன் இல்லை. பதிவில் இரண்டு முறை நேர்மையான கணுக்கால் பிடியிலேயே மாட்டினான். இரண்டு முறையும் திரும்பும் வழி ஒன்றே, லாபியை ஒட்டி. தேர்வாளர் எழுதிய ‘மீள மாட்டான்’ முழுப்பொய் இல்லை. ஆனால் தாங்கும் பலம் ஆட்டத்தின் ஒரு பகுதி. அதையே முழு ஆட்டமாக ஆக்கிவிடுவது விசிலின் வேலை கிடையாது. பலத்தை விதிக்குள் வைத்து எவ்வளவு காலம் ஆடலாம் என்பதற்குத் தஞ்சை மாவட்டத்து தர்மராஜ் சேரலாதன் போதும். நாற்பதைத் தாண்டிய வயதில் தடுப்பாட்டக்காரராக நின்று, 2016-இல் பாட்னா அணிக்குக் கேப்டனாக புரோ கபடிக் கோப்பை வாங்கினார். கேமரா நாலு பக்கமும் பார்க்கிற, ரிவ்யூ கேட்கிற ஆட்டம் அது. துணி இழுத்தால் பெரிய திரையில் தெரிந்துவிடும்.

மேட்டில்தான் பெரியவனும் மாட்டினான். உள்ளரங்கம், மைக் கிடையாது, பாட்டு நடுவருக்கு மட்டுமல்ல, உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கிறது. பிடி விழுந்ததும் பாட்டு நின்றது, விசில் வந்தது. திரும்பத் திரும்ப அதே. இதற்கிடையில் ஒரு ரைடுக்கு 30 வினாடிதான் என்று ஒரு விதி இருப்பதையே அவன் அங்கேதான் உணர்ந்தான்; வயலில் அதையும் யாரும் கறாராகப் பார்த்ததில்லை.

பிறகு

இந்த மண்ணில் ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியக் கபடி அணியில் வடுவூர் அபினேஷ் இருந்தார். வடுவூரிலிருந்து இந்தப் போட்டி நடந்த வயல் அதிக தூரமில்லை.

கமிட்டியிடம் பேசிப் பார்த்தேன். நடுவர் எண்ணிக்கையைக் கூட்ட மாட்டோம், செலவு என்றார்கள். ரைடு நடக்கும்போது மைக்கை நிறுத்த ஒத்துக்கொண்டார்கள், உபயதாரர் பெயரை இடைவேளையில் இருமடங்கு சொல்வதாக ஒப்பந்தம். ஜெர்சியை அளவு கேட்டுத் தைக்கலாம் என்றதற்குத் தலையை ஆட்டினார்கள். செய்வார்கள் என்று எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நடுவர்களை இறுதி ஆட்டம் முடிந்ததும் காரில் கொண்டுபோய் வீட்டில் விடுவது என்பதை மட்டும் ஒருவர் தானாகவே முன்வந்து ஏற்றுக்கொண்டார். விசில் கறாராவதற்கு என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் உதவும்.

தேர்வாளர் அந்தப் பதிவைப் பயிற்சியாளருக்கும் போட்டுக் காட்டினார். சின்னவனைக் கூப்பிட்டு மேட்டில் ரைடு போகச் சொன்னார்கள். தொடுகை எல்லாம் நன்றாகவே விழுந்தது. லாபி ஓரம் திரும்பும் பழக்கத்தால் இங்கேயும் மாட்டினான். காத்திருப்புப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள், திரும்பும் வழியை மாற்றிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

பெரியவனை அனுப்பிவிடவில்லை. மூன்று பேரை இழுக்கிற தொடை ஒருவனைத் தடுக்கவும் உதவும் என்று பயிற்சியாளருக்குத் தோன்றியிருக்கிறது. ரைடை நிறுத்திவிட்டு இப்போது வலது கவரில் ஆடுகிறான். தொடைப் பிடி பழகுகிறான், நன்றாக வருகிறது என்று கேள்வி. அவசரத்தில் மட்டும் கை இன்னும் எதிராளியின் பனியனுக்குப் போய்விடுகிறதாம். போகும் ஒவ்வொரு முறையும் விசில் அடிக்கிறார்கள்.